வெறுங்கையோடு எப்படிப் போறது

பலராமன் கல்யாண வீட்டுக்குள் நுழைந்தால் சென்ட்டு வாசம்தான் முதலில் வரும், ஆள் அப்புறம் வருவான். அப்படி ஒரு காலம் இருந்தது. துப்ளே வீதியில், எல்லாரும் முசே என்று கூப்பிட்ட ஒரு பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த சீமைச் சாமான் கடையில் அவன்தான் எல்லாமும். பெட்டியைப் பிரிப்பது அவன், அலமாரியில் அடுக்குவது அவன், வருகிறவர்களிடம் பிரெஞ்சில் ரெண்டு வார்த்தை, தமிழில் நாலு வார்த்தை பேசிச் சரக்கைத் தலையில் கட்டுவதும் அவன். முத்தியால்பேட்டையில் யார் வீட்டு விசேஷமானாலும் கை நிறையக் கொண்டுபோவான். மாப்பிள்ளைக்குக் கடிகாரம் என்பான், பொண்ணுக்கு சில்க் துணி என்பான். "மொய் எழுதறதெல்லாம் மத்தவன் வேலைடா, நம்ம பலராமன் சீரே கொண்டாந்துடுவான்" என்று பந்தியில் உட்கார்ந்தபடி சொல்வார்கள். இந்த மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துபோகும். அவன் பெண்டாட்டி தனம் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருப்பாள். அதையெல்லாம் சேர்த்து வைத்திருந்தால் ஒரு துண்டு நிலமாவது மிஞ்சியிருக்கும். சொன்னால் கேட்டால்தானே!

ஐம்பத்து நாலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம்ம கொடி ஏறியது. ஊரே பட்டாசு வெடித்தது, பலராமனும் வெடித்தான். நல்ல காரியம்தான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் வரியில்லாமல் கப்பலில் வந்து இறங்கிக்கொண்டிருந்த சரக்கு அதோடு நின்றுபோனது. முசே கொஞ்ச காலம் இழுத்துப் பிடித்துப் பார்த்தார். பிறகு அலமாரிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, பலராமன் கையைப் பிடித்துக் குலுக்கி, கண்கலங்கி, ஊரைப் பார்க்கக் கப்பல் ஏறிவிட்டார். கண்கலங்கினதோடு சரி. வேறொன்றும் கொடுக்கவில்லை.

வேலை போனவன் பலராமன் ஒருத்தன் மட்டுமில்லை. எதிர் வீட்டு அம்மாவாசை துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன், அவன் பிழைப்பும் அதே வருஷம்தான் போனது. அவன் மறுமாசமே ஒரு வண்டியை வாடகைக்குப் பிடித்து மாட்டைப் பூட்டிவிட்டான். யார் வீட்டில் இலை போட்டாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முதல் பந்தியில் உட்காருவான். மொய்க்கு அவன் வைத்தால் கால் ரூபாய், வைக்காவிட்டால் ஒரு சிரிப்பு. "அடுத்த வாட்டி சேர்த்து வெக்கிறேன் மாமா" என்பான். எவனும் அவனைத் தப்பாகப் பேசியதில்லை. அரிசி இல்லாத அன்றைக்கு அவன் வீட்டுக்கு நாலு வீட்டிலிருந்து சோறு வரும்.

பலராமனுக்கு அது வாய்க்கவில்லை. மண்டியில் மூட்டை எடை போடப் போனான், ஒரு மாசம் தாங்கவில்லை. "என்னய்யா பலராமா, சென்ட்டு போடாம வந்துட்டியா?" என்று எவனோ விளையாட்டாகக் கேட்டான். மறுநாள் போகவில்லை. துணிக்கடை ராமலிங்கம் நல்ல மனுஷன், "எங் கடையில வந்து நில்லு, முடிஞ்சதைக் குடுக்கிறேன்" என்று ஆள் விட்டுச் சொல்லிப் பார்த்தார். "நேத்து வரைக்கும் என்னைக் கண்டா எழுந்து நின்னவர் அவரு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அப்புறம் நாராயணசாமி வீட்டுக் கல்யாணம் வந்தது. பத்திரிகை வைத்து, வெற்றிலை பாக்கு வைத்து, நேரில் வந்து கூப்பிட்டார்கள். பலராமன் வேட்டி கட்டினான், சட்டை போட்டான், தலை வாரினான். வாரிவிட்டு அப்படியே பாய்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"நேரமாவுது, கெளம்புங்க" என்றாள் தனம்.

"வெறுங்கையோட எப்படிப் போறது?"

"ஒரு ரூபா வெச்சுட்டு ஒருவாய் சாப்ட்டு வாங்க. ஊரு உலகத்துல எல்லாரும் அப்படித்தான போறாங்க?"

"அவங்க போவலாம். நான் போவ முடியாது."

போட்ட சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் அவன் தலை காட்டவில்லை. காதுகுத்துக்குப் போகவில்லை, வளைகாப்புக்குத் தனத்தையும் போகவிடவில்லை. ஒரு சாவுக்குக்கூட, மாலை வாங்கக் காசில்லை என்று போகாமல் இருந்துவிட்டான்.

இந்த ஊர் வாய் இருக்கிறதே, அது சும்மா இருக்குமா? இவன் கூச்சப்படுகிறான் என்று ஒரு ஜீவன் நினைக்கவில்லை. திமிர் என்றார்கள். "வெள்ளைக்காரனோட இருந்த பவுசு இன்னும் போவல" என்றார்கள். கூப்பிட்டு வராதவனை எத்தனை முறை கூப்பிடுவார்கள்? பத்திரிகை வருவது நின்றது. தெருவில் பார்த்தால் பேசுவது நின்றது. அப்புறம் இவன் தெருவுக்கே வருவதும் நின்றது. பொழுது விடிந்தால் பின்கட்டு அறை, பொழுது போனால் அதே அறை. சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு தட்டையே பார்த்தபடி இருப்பான். ராத்திரி தூங்கமாட்டான், பகலெல்லாம் கண்ணை மூடிக் கிடப்பான், அதுவும் தூக்கமில்லை. பிள்ளை குட்டி இருந்தாலாவது வீட்டில் ஒரு சத்தம் இருக்கும். அதுவும் அவர்களுக்கு இல்லை.

தனம் என்ன செய்வாள்? வாய்க்காலுக்குக் கிழக்கே, வெள்ளைக்காரத் தெருவில், ஊரை விட்டுப் போகாமல் இருந்த ஒரு பழைய ஜட்ஜு வீட்டில் சமையலுக்குப் போனாள். அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டாள். ஆனால் அவள் சம்பாதித்துக் கொண்டுவந்து போட்ட சோறு அவன் தொண்டையில் இறங்குவது இன்னும் கஷ்டமாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லி, நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, "உடம்புல ஒண்ணும் இல்லம்மா, நல்லா சாப்பிடச் சொல்லு" என்றார். பக்கத்து வீட்டுக்காரி காத்து கருப்பு என்று கயிறு மந்திரித்து வாங்கிக் கொடுத்தாள். கட்டிவிட்ட இடத்தில் அது பாட்டுக்குக் கிடந்தது. "ஜாக்கிரதையா பார்த்துக்கோ தனம், இப்படி இருக்கிறவங்க திடீர்னு..." என்று பாதியில் நிறுத்திவிட்டாள் அந்தப் புண்ணியவதி. அந்த நிறுத்தின பாதி தனத்தின் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. வேலை செய்கிற வீட்டுத் தெருவில் யாராவது ஓடினால்கூட, தன் வீட்டுக்குத்தான் ஓடுகிறார்களோ என்று கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவாள்.

அந்த வீட்டுக்குள் தைரியமாக நுழைகிற ஒரே ஆள் ராஜாம்பாள். பலராமனின் அக்காள். அம்மா இல்லாத வீட்டில் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். பக்கத்தில் கருவடிக்குப்பத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். புருஷன் கலியபெருமாளுக்குக் கொஞ்சம் நிலம், ரெண்டு கறவை மாடு. வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு தூக்குவாளியில் குழம்போடு வந்துவிடுவாள். வாசலில் கால் வைக்கும்போதே கத்த ஆரம்பிப்பாள்.

"டேய், இன்னும் பாயைச் சுருட்டலையா? எழுந்து மூஞ்சியைக் கழுவு, பார்க்கச் சகிக்கல!"

தனம் இதே வார்த்தையைச் சொன்னால் அவன் காதில் ஏறாது. அக்காள் சொன்னால் எழுந்து போவான். கிணற்றடியில் தண்ணீர் சத்தம் கேட்கும். அவள் சோற்றைப் பிசைந்து உருண்டை பிடித்துக் கையில் வைப்பாள், சாப்பிடுவான். அவள் மாடு கன்று போட்ட கதை, நாத்தனாரோடு சண்டை போட்ட கதை எல்லாம் சொல்வாள். சில நாள் அவன் சிரிப்பதுகூட உண்டு. வாரத்தில் அந்த ஒரு பொழுதுக்காகத் தனம் மற்ற நாளையெல்லாம் தள்ளினாள். "அண்ணி, நீங்க மட்டும் இல்லன்னா நான் இந்நேரம் அவரை வாரிக் குடுத்திருப்பேன்" என்று ஒருநாள் அழுதாள். "அடச்சீ, வாயைக் கழுவு" என்றாள் ராஜாம்பாள்.

பங்குனி மாசம் கலியபெருமாள் வயலில் மயங்கி விழுந்தார். வீட்டுக்குத் தூக்கி வரும்போதே உயிர் இல்லை.

சேதி காலையில் வந்தது. பலராமன் எழுந்து நின்றான். பல மாசத்துக்குப் பிறகு யாரும் சொல்லாமல் தானாக எழுந்தான். முகம் வெளிறியிருந்தது, ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது. "நீ முன்னால போ தனம். நான் கடைத்தெருவுக்குப் போயி கோடி எடுத்துக்கிட்டு வந்துடறேன்" என்றான்.

புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி வரவேண்டும். கூடப் பிறந்தவன் புதுப்புடவை கொண்டுவந்து அவள்மேல் போர்த்தினால்தான் பாடையைத் தூக்குவார்கள். 'உனக்கு இன்னும் நாதி இருக்கிறது, பிறந்த வீடு இருக்கிறது' என்று ஊர் முன்னால் சொல்கிற புடவை அது. ராஜாம்பாளுக்கு உடன்பிறப்பு பலராமன் ஒருத்தன்தான். தனம் கையில் இருந்த காசையெல்லாம் அவனிடம் கொடுத்துவிட்டு ஓடினாள். பத்தாது என்று தெரியும். ராமலிங்கம் கடைக்குப் போனால் மீதியை அப்புறம் வாங்கிக்கொள்வார், சாவுக் காரியத்துக்கு எவன் இல்லையென்று சொல்வான்?

கருவடிக்குப்பத்தில் பிணம் காத்துக் கிடந்தது. வெயில் ஏறியது. பறைச் சத்தம் ஓய்ந்து ஓய்ந்து எழுந்தது. "பொறந்த வீட்டுக் கோடி வந்தாச்சா?" என்று பெரியவர்கள் கேட்டார்கள். "தோ வந்துடுவாரு" என்றாள் தனம். மறுபடி கேட்டார்கள். மறுபடி அதையே சொன்னாள். தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்த ராஜாம்பாள் ஒரு தடவை நிமிர்ந்து, "தம்பி எங்கே?" என்றாள். தனத்துக்குத் தரை பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது. கடைசியில் சித்தப்பன் மகன் கோவிந்தராசு எங்கேயோ ஓடி ஒரு புடவை வாங்கிவந்து போர்த்தினான். பாடையைத் தூக்கினார்கள். பேசுகிறவர்கள் அங்கேயே பேச ஆரம்பித்தார்கள்.

சாயங்காலம் தனம் கடற்கரையில் அவனைக் கண்டுபிடித்தாள். கல்லின்மேல் உட்கார்ந்திருந்தான். கொடுத்த காசு அப்படியே மடியில் இருந்தது.

"ராமலிங்கம் கடைக்கு எதிர்ல நின்னேன் தனம். உள்ள நல்ல கூட்டம். கடன் சொல்லணுமேன்னு நின்னேன். நின்னுக்கிட்டே இருந்தேன். காலு போவல" என்றான்.

"கோடி கெடக்கட்டும், சும்மாவாவது வந்திருக்கக் கூடாதா?"

"வெறுங்கையோட எப்படி வர்றது?"

அவனை அறையலாமா, கட்டிக்கொண்டு அழலாமா என்று தெரியாமல் தனம் நின்றாள். பிறகு கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தாள். அன்றைக்குப் படுத்தவன்தான். கருமாதிக்கும் போகவில்லை. தனம் மட்டும் போனாள். தாலி இறக்குகிற இடத்துக்குச் சுமங்கலிகள் வரக்கூடாது என்று அவளை வாசலோடு நிறுத்திவிட்டார்கள், ராஜாம்பாளின் முகத்தைப் பார்க்காமலே திரும்பினாள். வெள்ளிக்கிழமை வந்தது, போனது. தாலி இழந்தவள் ஒரு வருஷம் யார் வீட்டு வாசலையும் மிதிக்கமாட்டாள். பலராமன் வெள்ளிக்கிழமையென்று தெரிந்தோ தெரியாமலோ காலையிலிருந்து வாசல் பக்கமே பார்த்துக் கிடந்தான். மத்தியானம் சோற்றைத் தள்ளிவிட்டான். "அக்கா என்னை மன்னிக்கமாட்டா" என்றான். அதற்கப்புறம் அவன் பேச்சு அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டது. கன்னம் ஒட்டிக் கண் உள்ளே போய்விட்டது. ராத்திரியில் அவன் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டுப் படுப்பது தனத்துக்கு வழக்கமாகிப் போனது.

சித்திரை வெயில். தெருவில் ஒரு காக்காய் இல்லை. உச்சிப் பொழுது. ஜட்ஜு வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்து தனம் அப்போதுதான் அடுப்பு மூட்டியிருந்தாள். வாசல் கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். மோர்க்காரி என்று நினைத்துத் திறந்தாள்.

ராஜாம்பாள் நின்றிருந்தாள்.

வெள்ளைப் புடவை. முக்காடு. வெறும் நெற்றி, வெறும் கழுத்து. எத்தனை வருஷமாகப் பார்த்த முகம்! அந்தக் கழுத்தில் மஞ்சள் சரடு இல்லாமல் தனம் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்த கணத்தில் அவளுக்குப் பின்கட்டில் கிடக்கிறவன் ஞாபகம் வந்தது. இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடக்கிறான். தாலி இறக்கினபிறகு முதல் முதலாக இந்த முகம், இந்த வாசலில், உச்சிப் பொழுதில். தனத்தின் ஒரு கை கதவைப் பிடித்துக்கொண்டது. இன்னொரு கை, அவளைக் கேட்காமலே, தன் தாலியை எடுத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டது.

ராஜாம்பாள் அந்தக் கையைப் பார்த்தாள்.

"நான் உள்ள வரல தனம். இங்கியே நிக்கிறேன். அவனை ஒரு தடவை கூப்பிடு, கண்ணால பார்த்துட்டுப் போயிடறேன். கனாவுல வந்து வந்து நிக்கிறான்" என்றாள். பழைய கத்தல் இல்லை, தணிந்த குரல்.

தனம் கதவை விடவில்லை. "இப்பதான் கண்ணசந்தாரு அண்ணி. இன்னொரு நாளு..." என்றாள்.

"சரிம்மா" என்றாள் ராஜாம்பாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, தெருவின் ஓரமாக, வந்த வழியே நடந்தாள். எதிர் வீட்டில் அம்மாவாசையின் பெண்டாட்டி கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. தனமும் கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டுத் திரும்பினாள்.

பலராமன் கூடத்தில் நின்றுகொண்டிருந்தான். சட்டை போட்டிருந்தான். ஆணியில் தொங்கித் தொங்கித் தோள்பட்டையில் தூசி படிந்த அதே சட்டை. பட்டனைத் தப்பும் தவறுமாக மாட்டியிருந்தான். தண்ணீர் தொட்டுத் தலைமுடியைத் தள்ளிவிட்டிருந்தான்.

"அக்கா கொரல் கேட்டுச்சே? எங்கே?"

"போயிட்டாங்க."

"வாசல் வரைக்கும் வந்துட்டு என்னைப் பார்க்காமயா போயிட்டா?"

அட கடவுளே, இவன் எப்படிப் புரிந்துகொண்டான் பாருங்கள். "அவங்க பார்க்கணும்னுதாங்க வந்தாங்க. நான்தான் விடல. பாவி நான்தான் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அந்தக் கழுத்தைப் பார்த்ததும் எனக்கு உங்க உசுரு ஞாபகம் வந்துடுச்சு. பயந்துட்டேன்" என்று சொல்லி அழுதாள் தனம்.

பலராமன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "நீ அவளை விரட்டுவியா? நீயா? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவ வர்ற வழியைப் பார்த்து நின்னவ நீ. எனக்கு மனசு நோவக் கூடாதுன்னு பழியைத் தூக்கித் தலைமேல போட்டுக்கற. வேணாம் தனம்" என்றான்.

"சாமி சத்தியமா நான்தாங்க!"

"அக்காவுக்குக் கோவம் தீரல. நியாயம்தான்" என்றான் அவன்.

"இருங்க. இப்படியே நில்லுங்க. நான் போய்க் கூட்டிக்கிட்டு வர்றேன். அவங்க வாயாலயே கேளுங்க" என்று தனம் கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஓடினாள். காலில் செருப்பில்லை. மண் சுட்டது. அதெல்லாம் அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு தெரு தாண்டி, கருவடிக்குப்பம் போகிற பாதையில், புளியமர நிழல் ஓரமாகப் போய்க்கொண்டிருந்த வெள்ளைப் புடவையைப் பிடித்துவிட்டாள். முன்னால் போய் மறித்து, அண்ணியின் கையை இரண்டு கையாலும் பற்றினாள்.

"வாங்க அண்ணி. உங்க கொரல் கேட்டு எழுந்து சட்டை போட்டுக்கிட்டு நிக்கிறாரு. நீங்க கோவமா போயிட்டதா நெனக்கிறாரு. நான் சொன்னா நம்பமாட்டேங்கிறாரு. தயவு பண்ணி வாங்க!"

"எழுந்து நிக்கிறானா?" என்றாள் ராஜாம்பாள். ஒரு விநாடி அவள் கால் திரும்பியது. முகத்தில் பழைய ராஜாம்பாள் வந்து எட்டிப் பார்த்தாள். உடனே போய்விட்டாள். கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"நீ செஞ்சதுதாம்மா சரி. எனக்குத்தான் புத்தியில்ல. வர்ற வழியெல்லாம் கதவைச் சாத்தினாங்க, அப்பவாவது திரும்பியிருக்கணும். அவன் இருக்கிற இருப்புக்கு ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னு வெச்சுக்கோ. அன்னைக்கு உச்சிப் பொழுதுல தாலியறுத்தவ வந்து நின்னாளே, அதனாலதான்னு யாரு சொன்னாலும் சொல்லாட்டியும் நீ நெனப்பே. நெனக்கமாட்டேன்னு சொல்லு, வர்றேன்."

தனம் வாயைத் திறந்தாள். 'நினைக்கமாட்டேன்' என்று சொல்ல ஒரு வார்த்தைதான் வேண்டும். சொல்லிவிட்டால் அவள் வந்துவிடுவாள். ஆனால் ராத்திரிகளில் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்த பயம் அத்தனையும் முன்னால் வந்து நின்றுகொண்டது. நினைப்பாள். கட்டாயம் நினைப்பாள். அது அவளுக்கே தெரிந்தது.

அவள் பேசாமல் நின்றதை ராஜாம்பாள் பார்த்துக்கொண்டாள். கோபம் ஒன்றுமில்லை. "வருஷம் திரும்பட்டும், வர்றேன். அக்கா கோவமில்லன்னு அவன்கிட்ட சொல்லு. நேரத்துக்குச் சோறு போடு. பிசைஞ்சு கையில குடுத்தா சாப்பிடுவான்" என்றாள். தனத்தின் கன்னத்தைத் துடைக்கக் கை தூக்கி, அப்புறம் தொடாமல் இறக்கிக்கொண்டு, நடந்துவிட்டாள்.

தனம் திரும்பி வந்தாள். பலராமன் வீட்டு வாசலுக்கே வந்து நின்றிருந்தான். எத்தனையோ மாசம் கழித்து, பட்டப்பகலில், தெருவே பார்க்க நின்றிருந்தான். ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்கு மேலே இன்னொரு கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மட்டும் தனியாக வருவதைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று கொஞ்சம் எட்டியும் பார்த்தான். யாரும் வரவில்லை.

"நான்தான் சொன்னேனே" என்று சொல்லிவிட்டு, சட்டையின் பட்டனை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே உள்ளே போனான்.